நூற்று ஐந்தாவது வரிசை

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிஷம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு உள்ளங்கால்கள்.

பஞ்சாயத்து ஆபீஸ் முற்றத்தில் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். மயக்கமோ என்று வேகமாக நடந்தேன். பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது — ஆள் நன்றாக விழித்திருக்கிறார். கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கல்லின் தலையில் செதுக்கிய ஒரு குறி. குறியின்மேல் ஒரு பித்தளைப் பிடி. பிடியிலிருந்து இரும்புச் சங்கிலி ஒன்று முற்றத்தின் மறுகோடிவரை விறைப்பாக ஓடியது. அங்கே இன்னொரு கல். அதன் பக்கத்தில் ஆபீஸ் பியூன் சுப்பையா குந்தியிருந்து மறுமுனைப் பிடியை இழுத்துப் பிடித்திருந்தார். முகத்தில் பாதித் தூக்கம்.

"இன்னுங் கொஞ்சம் இழுங்க... செத்த நேரம் அப்பிடியே... போதும்!"

படுத்திருந்தவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, 'சங்கிலி சரி' என்று எழுதி, நேரத்தைப் போட்டு, கையெழுத்தும் போட்டார். அதற்கு முந்தைய பக்கங்களைக் காட்டினார். தினம் ஒரு வரி. தினம் ஒரு கையெழுத்து. ஒருநாள்கூட விட்டுப் போகவில்லை.

அவர்தான் சர்வேயர் சவரிமுத்து. நாற்பது வயது இருக்கலாம். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம்.

எந்த ஊர்? திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் போகும் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் — சொல்லாவிட்டாலும் வருவார்கள். எனக்குச் சண்டையில் ஆட்சேபணை இல்லை. பஸ் வசதிதான் குறைவு.

நான் போன காரணம் வரி. அந்த ஊரில் வீடு, மனை, ரோட்டோரக் கட்டிடம் எல்லாவற்றையும் புதிதாக அளந்து வரி விதித்திருந்தார்கள். அளவு கூடினால் வரி கூடும். கிட்டத்தட்ட எல்லாருக்கும் கொஞ்சம் கூடியிருந்தது. அன்றைக்குப் பத்து மணிக்கு ஆட்சேபணை விசாரணை. எங்கள் பத்திரிகை வாசகர் ஒருவர், "வந்து பாருங்கள், அளக்கிற லட்சணத்தை" என்று கார்டு போட்டிருந்தார்.

லட்சணத்தைத்தான் முதலில் பார்த்துவிட்டேனே! அறுபத்தாறு அடி நீளச் சங்கிலி. நாள்பட்ட சங்கிலி இழுபட்டு இழுபட்டு நீண்டுவிடும். கல்லில் தட்டி வளைந்தால் குறுகியும் போகும். அதனால் சரியாக அறுபத்தாறு அடி தள்ளி இரண்டு கல் நட்டு, தினம் அதில் வைத்துச் சோதிக்கச் சொல்கிறது விதி. அந்த விதி உண்டு என்பதே எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்களில் எத்தனை பேர் விடியற்காலையில் மண்ணில் படுக்கிறார்கள்?

இவ்வளவு ஒழுங்கான ஆள் அளந்ததில் தப்பு இருக்காது என்று அப்போதே முடிவு கட்டினேன். பத்திரிகைக்காரன் ஆறு மணிக்கு முடிவு கட்டினால் பத்து மணிக்கு அவிழ்க்க வேண்டியிருக்கும்.

பத்து மணிக்குக் காளியம்மாள் வந்தார்.

ஐம்பது வயது. மல்லிகைத் தோட்டக்காரர். ஊர்க் கோடியில் ரோட்டை ஒட்டி ஒரு ஏக்கர். நீளவாக்கில் கிடக்கும் நிலம். ஒரு முனை மேற்கே வேலி, மறு முனை ரோடு. ரோட்டு முனையில் கிணறும் மோட்டார் ரூமும். கணவர் இறந்து ஆறு வருஷமாக அந்தக் கிணற்றை வைத்துத்தான் குடும்பம்.

அவர் கையில் இருந்த நோட்டீஸ் வரியோடு நிற்கவில்லை. பத்திரப்படி நிலத்தின் நீளம் அறுநூற்று அறுபது அடி. புது அளவின்படி அறுநூற்று அறுபத்தாறரை. ஆறரை அடி எங்கிருந்து வந்தது? ரோட்டுக்குக் கப்பி போட்டு உயர்த்தியபோது அந்த முனையில் இருந்த எல்லைக் கல் காணாமல் போயிருந்தது. ஆகவே ஆபீசில் கணக்குப் போட்டார்கள்: கூடுதல் ஆறரை அடி ரோட்டுப் புறம்போக்கு, காளியம்மாள் ஆக்கிரமித்திருக்கிறார். அந்த ஆறரை அடிக்குள் மோட்டார் ரூமும், கிணற்றில் இரண்டரை அடியும் அகப்பட்டுக்கொண்டன. சுவரில் சிவப்புப் பெயிண்டால் கோடு கிழித்தாயிற்று. முப்பது நாளில் அகற்ற வேண்டும்.

கிணற்றை எப்படி இரண்டரை அடி அகற்றுவது? மூடலாம். அவ்வளவுதான் செய்ய முடியும். பங்குனி வெயிலில் தண்ணீர் இல்லாத மல்லிகை எத்தனை நாள் நிற்கும்?

காளியம்மாளுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். நோட்டீஸோடு வந்த படத்தை நிர்வாக அதிகாரியின் மேஜையில் விரித்தார்.

"இந்தா, இது வேலி. இங்கிட்டு இருந்து செடி முடியுற எடம் வரைக்கும் என்ன போட்டிருக்கு?"

"அறுநூத்தி முப்பது அடி."

"நாங்க ஆறடிக்கு ஒரு வரிசை வச்சிருக்கோம்யா. அறுநூத்தி முப்பதுக்கு எத்தன வரிசை?"

அதிகாரி காகிதத்தைத் தேடினார். அவர் பென்சிலை எடுப்பதற்குள் காளியம்மாளே சொல்லிவிட்டார்.

"நூத்தஞ்சு. எங்கிட்ட இருக்கது நூத்தி நாலு. அந்த நூத்தஞ்சாவது வரிசை எங்கய்யா?"

"என்னம்மா இது... ஒண்ணு கூடக் குறைய இருக்கும்."

"கூடக் குறைய இருந்தா எனக்குத்தானய்யா மொதல்ல தெரியும்? வரிசைக்கு ஒரு ஆளுன்னு விட்டுப் பூ எடுக்கேன். இருந்தாக் காட்டுங்க. நாளைக்கே ஆள் விட்டு எடுத்துப்புடுவேன். பூ வெல விக்கிற வெலைக்கு ஒரு வரிசையச் சும்மா விடலாமா?"

கூட்டம் சிரித்தது. அதிகாரிக்கு முகம் சிவந்தது.

"இடம் இருந்தும் செடி வைக்காம விட்டிருப்பே."

"நானா? மண்ண வெறுமனே போடுறவளா நானு? ஒங்க ஆபீஸ் வாசல்ல இம்புட்டு எடம் சும்மா கெடக்கதப் பாத்தே எனக்கு வயிறு எரியுது!"

எல்லாரும் சிரித்தார்கள், சவரிமுத்துவைத் தவிர. அவர் நோட்டில் 104, 105 என்று இரண்டு எண்ணை எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டார்.

"மத்தியானம் வாரேன்க்கா."

"என்ன சவரிமுத்து, செடி எண்ணவா போறீரு?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

இந்த 'ஆமா சார்' எனக்குப் பிடித்திருந்தது. வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

அவர் ஒரு பக்கமாக எண்ணினார். நான் இன்னொரு பக்கமாக எண்ணினேன். இருவருக்கும் நூற்று நாலு.

"நட்டப்ப எதை வச்சுக்கா அளந்தீங்க?"

காளியம்மாள் மோட்டார் ரூமின் கூரையில் செருகியிருந்த ஒரு மூங்கில் கழியை உருவிக் கொடுத்தார். இரண்டு முனையிலும் தகரப் பூண். சவரிமுத்து பையிலிருந்து துணி டேப்பை எடுத்து அளந்தார். ஆறடி. இரண்டு செடிகளுக்கு நடுவே டேப்பை வைத்தார். ஆறடி. ஒரு செடியிலிருந்து பதினோரு வரிசை தள்ளி இருந்த செடிவரை வைத்தார். அறுபத்தாறு. நூல் பிசகவில்லை.

ஒரு கழியும் ஒரு குடும்பமும் சேர்ந்து இவ்வளவு துல்லியமாக ஒரு ஏக்கரை நட முடியுமா? முடிந்திருக்கிறது. சர்வேயருக்குக் கட்டாயம் என்று சட்டத்தில் இருப்பதை, சட்டம் தெரியாத ஒரு பெண்மணி பூவுக்காகச் செய்து வைத்திருந்தார்.

"சுப்பையாண்ணே, சங்கிலியப் போடுங்க."

அதே செடி. அதே வரிசை. சங்கிலியை விறைப்பாக இழுத்தார்கள். அறுபத்தாறு அடிச் சங்கிலி, அறுபத்தாறு அடி தள்ளியிருக்கும் செடியைத் தொட வேண்டும் அல்லவா?

தொடவில்லை. ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.

இன்னொரு இடத்தில் போட்டார்கள். ஒரு சாண். மூன்றாவது இடத்திலும் அதே ஒரு சாண்.

"என்ன தம்பி, வெயில்ல சங்கிலி சுருங்கிப் போச்சா?" என்றார் காளியம்மாள்.

"இரும்பு வெயில்ல நீளுந்தா. சுருங்காது" என்றார் சுப்பையா. தூக்கம் முழுக்கத் தெளிந்திருந்தது.

சவரிமுத்து வரப்பில் உட்கார்ந்தார். என் கைக்கடிகாரத்தில் நாலு நிமிஷம் ஓடியது. அந்த நாலு நிமிஷத்தில் அவருக்கு எத்தனையோ வழி இருந்தது. துணி டேப் இழுபடும், நம்பக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். செடிக்கு எல்லை நிர்ணயிக்கிற அதிகாரம் கிடையாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மையே. யாரும் மறுத்திருக்க முடியாது.

எழுந்து சொன்னார்: "செடி சரியாத்தான் இருக்கு. சங்கிலிதான் தப்பு."

"காலையில் சரியாக இருந்ததே! நானே பார்த்தேனே!" என்றேன்.

"அதான் சார் பயமா இருக்கு."

ஆபீசுக்குத் திரும்பியதும் இரண்டு கல்லுக்கும் நடுவே டேப்பை வைத்தார். அறுபத்தைந்து அடி நாலு அங்குலம். அறுபத்தாறுக்கு எட்டு அங்குலம் குறைவு. ஆனாலும் துணி டேப்பை நம்பி ஒரு கல்லின்மேல் குற்றம் சொல்ல அவருக்கு மனமில்லை. மறுநாள் திண்டுக்கல் ஸ்டேஷனுக்குப் போய், தண்டவாள வேலைக்காரர்களைக் கெஞ்சி ஸ்டீல் டேப் வாங்கி வந்தார். ஸ்டீல் டேப்பும் அதையே சொன்னது. அறுபத்தைந்து அடி நாலு அங்குலம்.

கல் நகர்ந்திருக்கிறது. கல் தானாக நகருமா? கொத்தனார் முனியாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"முனியாண்டி அண்ணே, இந்தக் கல்லு..."

"நாந்தேன் நட்டேன்!" கொத்தனாருக்குப் பெருமை பொங்கியது. "போன வருசம் தண்ணிக் குழாய்க்குப் பள்ளம் தோண்டயில குறுக்க நின்னுச்சு. பிடுங்கி ஒரு சாண் இங்கிட்டுத் தள்ளி நட்டேன். சும்மா இல்ல சார், அடியில கான்கிரீட்டு போட்டிருக்கேன். ஆனை வந்து முட்டினாலும் அசையாது."

"இது எதுக்கு நிக்குதுன்னு யாரையும் கேக்கலையா?"

"ஆபீஸ் வாசல்ல ரெண்டு கல்லு. மாடு கட்டத்தானே சார்?"

இப்போது எல்லாம் விளங்கியது. சவரிமுத்து மாற்றலாகி வந்த முதல் நாளே சங்கிலியைக் கல்லில் வைத்துப் பார்த்தார். ஒரு சாண் நீளமாகத் தெரிந்தது. பழைய சங்கிலி, இழுபட்டிருக்கிறது என்று நினைத்தார். திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போய், கண்ணிகளுக்கு நடுவே இருக்கும் வளையங்களில் சிலவற்றை எடுத்துக் கல்லுக்குச் சரியாகக் குறைத்துக்கொண்டார். பட்டறைக் கூலியும் சொந்தக் கைக்காசு. அன்றிலிருந்து எட்டு மாதம் அந்தச் சங்கிலியால் ஊரை அளந்திருக்கிறார். சங்கிலி குட்டையானால் நிலம் நெட்டையாகும். நூறு அடிக்கு ஒரு அடி. எல்லாருக்கும் கொஞ்சம் வரி கூடியது அதனால்தான்.

இவருக்கு முன்னால் இருந்த சர்வேயர் ஆறு வருஷத்தில் ஒருநாள்கூடக் கல்லின் பக்கம் போனதில்லையாம். அவர் அளந்த அளவெல்லாம் சரியாக இருக்கிறது!

இதை நினைத்து இரண்டு நாள் எனக்கே எரிச்சலாக இருந்தது. அக்கறை இல்லாதவன் சரி, அக்கறை உள்ளவன் தப்பு... என்ன நியாயம் இது? பிறகு யோசித்தேன். முன்னவர் அளவிலும் தப்பு இருந்திருந்தால் அது என்றைக்காவது வெளியே வந்திருக்குமா? செடியை எண்ணிப் பார்க்க யார் வந்திருப்பார்கள்? தப்பாகப் போன அதே கவனம்தான் தப்பைக் கண்டுபிடிக்கவும் போயிற்று. நாம் எல்லாருமே ஏதோ ஒரு கல்லை நம்பித்தான் மற்றதை அளக்கிறோம். அந்தக் கல்லையே ஒருமுறை அளந்து பார்க்கிற ஆள் ஆயிரத்தில் ஒருவர். அந்த ஒருவரையும் அன்றைக்கு அளக்க வைத்தது ஒரு பூக்காரம்மாவின் கேள்வி.

வெள்ளிக்கிழமை நிர்வாக அதிகாரியின் அறைக்கு ரிப்போர்ட் போயிற்று. நானும் உள்ளே இருந்தேன். அதிகாரி கெட்டவர் அல்ல. வேலை அதிகம் உள்ளவர்.

"அந்தம்மாவுக்குத் திருத்திக் குடுத்துரும். சரியாப் போச்சு. ஊர் பூரா மறுபடி அளக்கணும்னு எழுதியிருக்கீரே?"

"எல்லாத்தையும் அதே சங்கிலிலதான் சார் அளந்தேன்."

"நூத்துக்கு ஒண்ணுய்யா! வேற யாரும் வாயத் தொறக்கல. யாருக்கு என்ன நஷ்டம்?"

"காளியம்மாளுக்குக் கிணறு போயிருக்கும் சார். வாயத் தொறக்காதவங்களுக்கு என்ன போகுதுன்னு எனக்குத் தெரியல."

அதிகாரி ரிப்போர்ட்டை மூடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சரி, அளந்து தொலையும். ஆனா 'என் அளவு பிழை'ன்னு எதுக்கு எழுதியிருக்கீரு? வர்ற மாசம் உம்ம இன்கிரிமெண்ட் இருக்கு. கல்லு மேல போட்டு எழுதும்."

"படத்துல கல்லு கையெழுத்துப் போடல சார். நான்தான் போட்டேன்."

இந்தத் தொழிலில் நான் எத்தனையோ ரிப்போர்ட் பார்த்திருக்கிறேன். தப்பு நடந்துவிட்டது என்று எழுதுவார்கள். தப்பு செய்தேன் என்று எழுதிய ரிப்போர்ட் இது ஒன்றுதான் என் கையில் அகப்பட்டது.

மறு அளவு மூன்று வாரம் நடந்தது. விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறும்வரை. இருநூற்றுச் சொச்சம் மனைகள். சுப்பையா ஒரு சுற்று இளைத்துவிட்டார். வரி குறைகிறதென்று ஊரே மகிழ்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். பெரும்பாலோர் மகிழ்ந்தார்கள். பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் மட்டும் சவரிமுத்துவை வழிமறித்தார்.

"ஏஞ் சார், என் மனைய இப்பிடிச் சுருக்கிப்புட்டீரே! கூடுதல் அளவச் சொல்லித்தான் கடைய விலை பேசிக்கிட்டிருந்தேன். வரி கூட வந்தா நான் கட்டிட்டுப் போறேன். பழைய அளவவே போடும்!"

"இல்லாத எடத்துக்கு வரி வாங்க எனக்கு அதிகாரம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார் சவரிமுத்து. அன்றைக்கு டீயில் சர்க்கரை குறைவாக இருந்ததாகச் சுப்பையா சொன்னார்.

காளியம்மாள் தோட்டத்தைக் கடைசி நாள்தான் அளந்தார்கள். ஏன் கடைசி? "மொதல்ல அவங்களுக்கு அளந்தா, அவங்களுக்காகத்தான் எல்லாத்தையும் அளக்குறோம்னு பேசுவாங்க" என்றார் சவரிமுத்து. நியாயம்தான். ஆனால் அந்த மூன்று வாரமும் நோட்டீஸ் ரத்தாகவில்லை. சுவரில் சிவப்புக் கோடும் அழியவில்லை. முப்பது நாளில் இரண்டு நாள்தான் பாக்கி. காளியம்மாள் அதுவரை ஒருமுறைகூட ஆபீஸ் படி ஏறவில்லை. தினம் பூ எடுத்தார், தினம் தண்ணீர் பாய்ச்சினார்.

நான் போனபோது ஏழு மணி. சங்கிலியில் பட்டறைக்காரர் வளையங்களைத் திரும்பக் கோத்துக் கொடுத்திருந்தார். முற்றத்துக் கல்லைப் பழைய குழிக்கே மாற்றி, ஸ்டீல் டேப் வைத்துப் பார்த்திருந்தார்கள். ஆனைக்கு அசையாத அந்தக் கான்கிரீட்டை உடைக்க முனியாண்டிக்கே ஒன்றரை நாள் பிடித்ததாம்.

மேற்கு வேலிக் கல்லிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒன்று... இரண்டு... மூன்று... ஒவ்வொரு சங்கிலிக்கும் சுப்பையா ஒரு இரும்புக் குச்சியைத் தரையில் குத்தினார். காளியம்மாள் பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். ஆறாவது சங்கிலி தாண்டியதும் கேட்டார்:

"இன்னைக்காவது நூத்தி நாலுதானா தம்பி?"

"நீங்களே எண்ணிக்கிட்டு வாங்கக்கா."

"நான் எண்ணிக்கிட்டுத்தான் வாரேன். நீ எண்ணுறியான்னு கேட்டேன்."

பத்தாவது சங்கிலி கிணற்றைத் தாண்டி ரோட்டு ஓரத்தில் முடிந்தது. சவரிமுத்து மண்டியிட்டு, பிடி தொட்ட இடத்தில் ஆணி அடித்தார். பிறகு கிணற்றையே பார்க்காமல், முதலிலிருந்து மறுபடி ஒருமுறை அளந்தார். ஆணி இருந்த இடத்திலேயே வந்து நின்றது.

முனியாண்டி அங்கே புதிய எல்லைக் கல்லை நட்டார். "எதுக்குன்னு இந்தத் தடவ கேட்டுக்கிட்டேன்" என்றார் என்னிடம்.

காளியம்மாள் மோட்டாரைப் போட்டார்.

நான் டேப்பை வாங்கி அளந்தேன். கிணற்றின் ரோட்டுப் பக்கச் சுவரிலிருந்து கல்வரை நாலு அடி ஓர் அங்குலம்.